சூடு தப்ப விடாதவர்

என் மகளுக்குக் காது குத்திய அன்று, தேயிலைத் தோட்டத்து மண்டபத்தின் பின்புறம் பாயசம் பொங்கி அடுப்பை அணைத்தது. காரணம் அவர். விருந்துக்கு வந்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, எனக்குக் கைகொடுக்கவில்லை. நேராகச் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய், திறந்து கிடந்த அண்டாக்களை ஒன்றுவிடாமல் தட்டுப் போட்டு மூடிவிட்டார். பிரிஞ்சாங்கிலிருந்து வரவழைத்திருந்த சமையல்காரர் கரண்டியும் கையுமாக என்னிடம் வந்தார்.

“யாருங்க அந்த ஆளு? பாயசத்த யாராச்சும் மூடி வச்சுக் கொதிக்க விடுவாங்களா?”

வொர்க்‌ஷாப்பில் வேலை செய்பவர் என்று சொல்லி நான்தான் மன்னிப்புக் கேட்டேன். மூடிய மனிதர் அதைக் காதில் வாங்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், வருத்தத்தோடு சொன்னார்.

“அண்டா வாய் எம்புட்டு அகலம் பாத்தீங்களா, கிராணி? அடியில வெறகத் தள்ளிக்கிட்டே இருக்கான். மேல சூடு போய்க்கிட்டே இருக்கு.”

சூடு போகுது. அவரோடு வேலை செய்த காலம் முழுக்க ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இதைக் கேட்டிருப்பேன். என் அலுவலக ஜன்னல் ஒரு விரல் திறந்திருந்தால் சூடு போகுது. வெந்நீர்க் குடுவையின் மூடி சரியாகத் திருகவில்லை என்றால் சூடு போகுது. மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் என்னிடம் இரண்டு வார்த்தை பேச வந்தவனிடம், சாவியை அவரே திருப்பி நிறுத்திவிட்டு, “இப்ப பேசு” என்பார். கண்ணுக்குத் தெரியாத ஒன்று எங்கும் ஓட்டை வழியாக ஓடிக்கொண்டிருப்பதாகவும், உலகத்தில் அதைப் பார்க்கிற ஒரே ஆள் தான்தான் என்பதாகவும் அவருக்கு நினைப்பு. எனக்கு அப்போதெல்லாம் அவரைப் பிடித்து ஏதாவது ஓர் அறையில் போட்டு மூடிவிடலாமா என்று இருக்கும்.

நான் அந்த வொர்க்‌ஷாப்புக்குக் கிராணி, கணக்கெழுதுகிறவன். மலைமேல் இருக்கும் எங்கள் குரூப்பின் நான்கு தேயிலைத் தோட்டங்களுக்கும் அது ஒன்றுதான் வொர்க்‌ஷாப். கொழுந்தை உருட்டுகிற மெஷின்களெல்லாம் வெள்ளைக்காரத் துரை காலத்துச் சாமான்கள். அவற்றின் தட்டில் பதித்திருக்கும் பித்தளைப் பட்டைகள் தேய்ந்தால் வாங்குவதற்குக் கடை கிடையாது. நாமே வார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஒரு சின்ன இண்டக்‌ஷன் உலை வைத்திருந்தோம். செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதில் கரண்டை விட்டு, நடுவில் இருக்கும் பித்தளையை நெருப்பே இல்லாமல் உருக்குகிற உலை. சின்னதுதான். ஆனால் கரண்டைக் குடிக்கும்.

துரை, அதாவது மேனேஜர், எங்களைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் தமிழர்தான், சத்தம் போடவும் மாட்டார்.

“மூணு மாசம் தரேன். ஒரு கிலோ உருக்க இப்போ எவ்வளவு கரண்ட் போகுதோ, அதுல கால்வாசி குறையணும். குறையலன்னா உலைய மூடிட்டு, எல்லாத்தையும் ஈப்போவுக்கு அனுப்பி வார்த்துக்கலாம்.”

உலையை மூடினால் வொர்க்‌ஷாப்பையும் மூட வேண்டியதுதான். எனக்கு ஜொகூர் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஓர் இடம் காத்திருப்பதாக ஆபிஸில் காதைக் கடித்தார்கள். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஆறு வருஷம் அவள் ஓர் இடத்திலும் நான் ஓர் இடத்திலுமாகக் குடும்பம் நடத்தி, எத்தனையோ மனுப் போட்டு, அந்த வருஷம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தாள். மகள் என்னை ‘அந்த அப்பா’ என்று சொல்வதை நிறுத்தி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மறுபடி மூட்டை கட்டினால் திரும்பவும் அவள் ஓர் இடம், நான் ஓர் இடம். ஆக, என் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருப்பதும் இல்லாததும் அந்த மனிதர் கையில் இருந்தது. இதைவிடப் பெரிய தண்டனை வேறு என்ன வேண்டும்?

உலையைப் பார்த்துக்கொள்வதற்காக ஈப்போவில் ஒரு வார்ப்பாலையில் இருந்து அப்போதுதான் எங்களிடம் வந்தவர் அவர். இடது புருவம் கிடையாது, எப்போதோ கருகிப்போனது. பொத்தல் விழுந்த கம்பளிச் சட்டை, இடுப்பில் செருகிய கையுறை. வந்த முதல் நாளே எல்லோருடைய சாபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எங்கள் மலைக் குளிர் சொல்லத் தேவையில்லை. மழை நாளில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள், காலைப் பெரட்டில் பேர் கொடுத்து முடிந்ததும் உலைக்கூடத்துக்கு வந்து ஒரு நிமிஷம் குளிர்காய்ந்துவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போவார்கள். முன்பு உலையைப் பார்த்த ஆள் அவர்களுக்காகவே உலையின் மூடியைத் திறந்து வைத்திருப்பார். உள்ளே பித்தளை தகதகவென்று கிடக்கும், சுற்றி நின்று கை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இவர் வந்து மூடியைப் போட்டார். போட்டதோடு விடாமல் கேட்கவும் செய்தார்.

“நீங்க குளிர் காய்றதுக்கா உல? இந்த வாய் தொறந்திருந்தா உள்ள உருகுறது பாதி, மேல போறது பாதி. போங்க, போங்க.”

பெண்கள் போனார்கள். போகிற வழியில் என் ஜன்னலில் நின்று, கேட்கக்கூடாத வார்த்தைகளை எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் என்ன செய்தேன்?

மண் அச்சு செய்கிற பிலோமினா அக்காவோடு அவருக்கு நடந்த சண்டை தனி. முன்பெல்லாம் காலையில் வந்ததும் உலையைப் போட்டுவிடுவார்கள். அக்கா அச்சுகளை முடிக்கும் வரை உருகிய பித்தளை உலையிலேயே கொதித்துக்கொண்டு காத்திருக்கும். இவர், கடைசி அச்சு மூடித் தயாராக நிற்கும் வரை சுவிட்சைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். அச்சுக்காகப் பித்தளை காத்திருக்கக் கூடாதாம், பித்தளைக்காக அச்சு காத்திருக்கலாமாம். சரியான பேச்சுதான். ஆனால் அதற்காக அக்காவின் தலைக்கு நேரே போய்க் கைகட்டி நிற்க வேண்டுமா?

“இப்படி மொறச்சுப் பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கை ஓடாது. தள்ளி நில்லுங்க.”

“நான் ஒண்ணும் சொல்லலியே.”

“நீங்க சொல்லவே வேணாம். மூச்சு விடுறதே கேக்குது.”

அக்கா என்னிடம் வந்து முறையிடுவார். அவரும் பின்னாலேயே வந்து முறையிடுவார். பேசிக்கொண்டே என் ஜன்னலை அவர் சாத்துவார். புழுங்குகிறது என்று அக்கா திறப்பார். நடுவில் நான்.

மூடி எத்தனை முறை திறந்தது, எவ்வளவு நேரம் திறந்தது என்று எழுத என்னை ஒரு நோட்டுப் போடச் சொன்னார். எழுதாமல் விடலாம் என்றால் முடியாது. மூடியைத் தூக்கும்போதே “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று மேற்கூரை அதிரும்படி எண்ணுவார். பித்தளைத் துண்டுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, சந்து இல்லாமல் அடுக்கி உள்ளே இறக்குவார். சந்து இருந்தால் கரண்ட் சும்மா சுற்றிவிட்டுப் போகுமாம். வெட்டுகிற ஆள் லீவு போட்ட நாளில் உலோகம் அறுக்கிற வாள் என் கைக்கு வந்தது. “கிராணிக்கு எழுதுற வேல மட்டுந்தான்னு சட்டம் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்று சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே வாளை நீட்டினார்.

பள்ளி விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றில், கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டக்காரர்களிடம் பழைய பித்தளைக் குழாய் மூட்டுகள் வாங்கிக்கொண்டு என் காரில் திரும்பினோம். திரிங்காப்பில் மாட்டிக்கொண்டோம். முன்னால் ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்கள், பின்னால் கோசு ஏற்றிய லோரிகள். அரைமணி நேரமாக ஒன்றும் நகரவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்தால் ஆள் இல்லை. முன்னால் ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி, இன்ஜினை நிறுத்தச் சொல்லிக்கொண்டு போகிறார். கோலாலம்பூர்க்காரர் ஒருவர் பார்க்கிங் ஆள் என்று நினைத்து இரண்டு வெள்ளி நோட்டுக் கொடுத்திருக்கிறார். அதையும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “ஏழு பேரு நிறுத்திட்டாங்க” என்றார். நான் ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்திருந்தேன். அந்தக் கூட்டத்தில் என் மனைவியின் ஹெட்மாஸ்டர் காரும் இருந்தது என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

இதில் மிகவும் எரிச்சலான விஷயம் என்னவென்றால், அவர் செய்தது எல்லாமே வேலை செய்தது. முதல் மாதம் கரண்ட் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் மாதம் நன்றாகவே இறங்கியது. திட்டுவதற்குக்கூட ஒருவனுக்கு வழி வேண்டாமா?

ஒரு நாள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பெண்கள் இரண்டு பேர் என் ஜன்னலுக்கு வந்தார்கள். மறுபடி ஏச்சு என்று காதைத் தயார் செய்துகொண்டேன். “அண்ணன் எங்கே?” என்று கேட்டு, ஒரு பொட்டலம் முறுக்கைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். விசாரித்தால், உலையின் சுருளைக் குளிரவைத்துவிட்டு வெளியே போகும் தண்ணீர் சூடாக வீணாகிறது என்று, யாரையும் கேட்காமல், அதன் சூட்டை ஒரு பழைய தொட்டியில் பிடித்து, குழாய் போட்டு, லயத்துக் குளிக்குமிடத்துக்கு விட்டிருக்கிறார். வெந்நீர். எங்கள் மலையில், சாயங்காலம், வேலை முடிந்து வரும் பெண்களுக்கு. முறுக்கு அவருக்கு. அனுமதியில்லாமல் குழாய் பதித்ததற்கு ஆபிஸிலிருந்து வந்த எச்சரிக்கைக் கடிதம் எனக்கு.

கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, “எவ்ளோ பெரிய காயிதம், இவ்ளோ சின்ன விஷயத்துக்கு” என்றார். எனக்கு அன்று அவரைப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. அப்புறம் வந்து என் மேசை விளக்கை அணைத்தார்.

மூன்றாம் மாதம் கரண்ட் இறங்குவது நின்றுவிட்டது. துரை சொன்ன கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, அதற்குமேல் இறங்க மாட்டேன் என்றது. கடைசி வாரம். மனைவி அட்டைப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் ஸ்டோரில் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் அந்த வாரம் ஒரே யோசனையோடு என் பின்னால் அலைந்தார். முதல் தடவை பெரட்டில்.

“உள்ள போற பித்தள சில்லுனு போகுது, கிராணி. இந்தப் பனியில ஈரம் வேற. ஈரத்தோட போட்டா வெடிக்கும்னு நான் கொஞ்சங் கொஞ்சமாத்தான் எறக்குறேன், அதுக்கு மூடி நாலு வாட்டி கூடுதலாத் தொறக்குது. முன்னாடியே காயவச்சு, சூடு பண்ணிப் போட்டா…”

எனக்கு அப்போது வருகைப் பதிவு எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் பேசலாம் என்றேன். இரண்டாம் தடவை கார் நிறுத்துமிடத்தில் மடக்கினார். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையின் ஹீட்டர் அறை. தேயிலையைக் காயவைக்கும் சூடான காற்று அங்கிருந்துதான் போகிறது. அந்த ஹீட்டரின் மேல் தகடு எந்நேரமும் கொதிக்கிறது, யாருக்கும் பயனில்லை என்று ஆரம்பித்தார். நான் கார்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் தடவை என் அறைக்கே வந்தார். நான் போனில் இருந்தேன். ஜொகூரில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா என்று அங்கே இருக்கும் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேசைக்கு எதிரே நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தகடு என்றார், கூடை என்றார், கடைசல் தூளையும் சேர்த்து என்றார். நான் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“செய்ங்கண்ணே. எதையாச்சும் செய்ங்க. என்ன விடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நேராக ஹீட்டர் அறை ஆளிடம் போய், கிராணி சரி என்றுவிட்டார் என்று சொல்லி, பித்தளைக் கூடைகளைத் தகட்டின் மேல் ஏற்றினார்.

மூன்று நாள். சூடாகப் போன பித்தளை உலையில் மளமளவென்று உருகியது. மூன்றாம் நாள் சாயங்காலம் மீட்டரைப் பார்த்து எழுதிப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே வந்துவிட்டோம். நான் வீட்டுக்குப் போய், ஸ்டோரில் இருந்த அட்டைப் பெட்டிகளை மிதித்துத் தட்டையாக்கினேன். எப்படி இறங்கியது என்று அவரைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவாரே என்று பயம்.

நாலாம் நாள் காலையில் தொழிற்சாலையில் தேயிலைப் பதம் பார்க்கும் டீமேக்கர், கையில் ஒரு பிடி காய்ந்த தேயிலையோடு துரையின் அறைக்குப் போனார். அதை முகர்ந்து பார்க்கத் தேவையே இல்லை, அறைக்குள் கொண்டுபோனதும் தெரிந்ததாம். எண்ணெய் நாற்றம். தேயிலை அப்படிப்பட்டது, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் லயத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். தொழிற்சாலைக்குள் பூ வைத்துக்கொண்டு போகக்கூட விட மாட்டார்கள். கூடையில் இருந்தது கடைசல் மெஷினிலிருந்து வந்த தூள், எண்ணெயில் ஊறியது. தகட்டுச் சூட்டில் எண்ணெய் புகைந்திருக்கிறது. ஹீட்டரின் விசிறி அந்த அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தேயிலை மேல் அனுப்புகிறது. உலகத்துச் சூடெல்லாம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று தெரிந்த மனிதருக்கு, வாடை எந்த வழியாகப் போகும் என்று தோன்றவில்லை. மூன்று நாள் தேயிலையைக் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

துரை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மேசையில் இரண்டு காகிதம் இருந்தது. ஒன்று நான் எழுதிக் கொடுத்த கரண்ட் கணக்கு. இன்னொன்று டீமேக்கரின் புகார்.

“உலை விஷயத்துல சொன்னத செஞ்சிட்டீங்க, சரி. ஆனா இத நான் எப்படி எடுத்துக்கிறது? ஒரு ஆள் தன்னிச்சையா செஞ்சதுன்னா அந்த ஆள அனுப்பிட்டு மத்தத நடத்தலாம். கிராணிக்குத் தெரிஞ்சே நடந்துச்சுன்னா, அந்த வொர்க்‌ஷாப்ப வச்சிருக்கிறதுலயே அர்த்தமில்ல. இன்னிக்கே மூடிடுறேன்.” என்னைப் பார்த்தார். “ஹீட்டர் ஆளு சொல்றான், நீங்க சரின்னு சொன்னீங்களாம். தெரியுமா உங்களுக்கு?”

சொன்னேன் என்றால் மிதித்த பெட்டிகளை மறுபடி மடித்து நிமிர்த்த வேண்டும். தெரியாது என்றால் பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொல்வாரோ தெரியவில்லை. அவர் முந்திக்கொண்டார்.

“கிராணிக்குத் தெரியாது, துரை.”

“நீங்க அவர்கிட்ட சொல்லலியா?”

“மூணு தடவ சொன்னேன். அவரு கேக்கல.” குரலில் கோபம் இல்லை. மீட்டர் எத்தனை காட்டுகிறது என்று சொல்கிற அதே குரல். “நான் சொல்ற எதையும் அவரு கேட்டதில்ல, துரை. வாயி ‘செய்ங்க’ன்னு சொல்லும். அதுக்கு ‘இங்கேர்ந்து போங்க’ன்னு அர்த்தம். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் அவரு சரின்னுட்டாருன்னு அந்த ஆளுகிட்ட சொன்னேன். அதனால அவருக்குத் தெரியாதுன்னே எழுதிக்கங்க.”

துரை என்னைப் பார்த்தார். “அப்படியா?”

“ஆமா, சார்” என்றேன்.

அவரை அந்த வார இறுதியில் அனுப்பிவிட்டார்கள். உலை தப்பியது, வொர்க்‌ஷாப் தப்பியது, என் மனைவி அதே பள்ளியில் இன்னும் பாடம் நடத்துகிறாள். மறு வருஷம் கோலாலம்பூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, படம் போட்டுக் காட்டி, வீணாகும் சூட்டில் பித்தளையை முன்கூட்டியே காயவைத்தால் கரண்ட் மிச்சம் என்று விளக்கினார். எண்ணெய்த் தூளைச் சேர்க்கக் கூடாது, தனி அறையில் செய்ய வேண்டும் என்று மட்டும் கூடுதலாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நான் ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் அவர் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“என்மேல கோபமாண்ணே?”

“எதுக்கு?” பெட்டியைத் தூக்கி மேலே தள்ளினார். “நான் துரைகிட்ட பொய் ஒண்ணும் சொல்லலியே.”

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்காக அவர் ஒரு பொய் சொல்லியிருந்தால் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன், அழுதுகூட இருப்பேன். அவர் உள்ளதைச் சொன்னார். அதை வைத்துத்தான் நான் இன்றும் என் மனைவி மகளோடு ஒரே வீட்டில் சோறு தின்கிறேன்.